67 கிலோ பட்டியலில் ஒரு பெயர்: தேசிய கிக்பாக்ஸிங் முகாமில் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

எடை பார்ப்புக்கு 9 நாள் இருந்தது. இரவு 10 மணி வாக்கில் எங்கள் அணி மருத்துவரின் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. வெள்ளி அட்டையில் 10 மாத்திரைகள். கீழே ஒரு வரி: "டாக்டர், இது வெறும் தண்ணி மாத்திரைதானாம். எடைக்குப் போட்டுக்கலாமா?"

மருத்துவர் படத்தைப் பெரிதாக்கி அட்டையில் இருந்த எழுத்தைப் படித்தார். ஃபியூரோசமைடு, 40 மி.கி. உடனே படம் அனுப்பிய இளம் வீரனைக் கூப்பிட்டார். முதலில் கேட்டது, "ஏதாவது முழுங்கிட்டியா?" இல்லை என்றான். அடுத்த கேள்வி, "அட்டை இப்ப உன்கிட்ட இருக்கா?" அதுவும் இல்லை. அவன் பழகிய கிளப்பில் மூத்த வீரர் ஒருவர் படத்தை மட்டும் அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வரும்போது மாத்திரையைக் கொண்டு வந்து தருவதாகச் சொல்லியிருந்தார்.

நான் அந்த முகாமின் உடற்தகுதிப் பயிற்சியாளர். வீரரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அவன் யாரென்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன். எடைகளும் நாட்கணக்கும் என் குறிப்பேட்டில் இருந்தபடியே இருக்கின்றன. முகாமில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இதில் யாரும் தண்டிக்கப்படவில்லை, யாருடைய மாதிரியிலும் தடை செய்யப்பட்ட பொருள் கிடைக்கவில்லை. பிறகு ஏன் ஆய்வு என்று கேட்கலாம். ஒரு நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாதவன், ஊக்கமருந்து வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தவன், அந்த மாத்திரைக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றான். அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நான் போட்ட பயிற்சித் திட்டம். அதைத்தான் எழுத வந்தேன்.

அந்த இரண்டாவது கேள்வி

மாத்திரையை விழுங்கினால்தான் தப்பு என்று நிறைய வீரர்கள் நினைக்கிறார்கள். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் விதித்தொகுப்பு 11 வகை விதிமீறல்களைச் சொல்கிறது. உடலில் பொருள் கிடைப்பது அதில் ஒன்றுதான். எப்போதும் தடையில் இருக்கும் ஒரு பொருளைத் தகுந்த காரணம் இல்லாமல் கையில் வைத்திருப்பதும் விதிமீறல். ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டையை வாங்கிப் பையில் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை மருத்துவரிடம் கேட்டிருந்தால், அவன் ஒரு மாத்திரைகூடப் போடாமலேயே சிக்கலில் மாட்டியிருப்பான். கொடுக்க வந்தவருக்கு அதைவிடப் பெரிய சிக்கல். தடை செய்யப்பட்ட பொருளை வீரருக்குக் கொடுப்பதற்கும் கொடுக்க முயல்வதற்கும் குறைந்தது 4 ஆண்டு தடை, ஆயுள் தடை வரைக்கும் போகலாம்.

ஃபியூரோசமைடு சிறுநீரைப் பெருக்கும் மருந்து. சிறுநீரகம் வழக்கமாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் உப்பை உறிஞ்ச விடாமல் இது தடுத்துவிடும். உப்பின் பின்னாலேயே தண்ணீரும் வெளியேறும். இதய நோயாளிக்கும், உடம்பில் நீர் கோத்துக்கொண்டவருக்கும் இது உயிர் காக்கும் மருந்து. குத்துச்சண்டை, மல்யுத்தம், கிக்பாக்ஸிங் மாதிரி எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளில் அதே மாத்திரை ஒரே இரவில் தராசு முள்ளை இறக்கும் குறுக்குவழியாகப் புழங்குகிறது. உடம்பில் இருக்கும் வேறு பொருட்களின் தடயத்தை மறைக்கவும் இது உதவும் என்பதால், தடைப் பட்டியலில் சிறுநீர்ப் பெருக்கிகளுக்கும் மறைப்புப் பொருட்களுக்கும் ஒரே பிரிவு. போட்டி நாளில் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் தடை. நோக்கத்தோடு எடுத்தார் என்று நிரூபணமானால் 4 ஆண்டு. இல்லையென்றால் 2 ஆண்டிலிருந்து கணக்கு தொடங்கும், தவறு எவ்வளவு என்பதைப் பொறுத்துக் குறையலாம்.

கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற பேச்சும் உண்டு. ஆலையில் வேறு மருந்து செய்த இயந்திரத்தில் ஒட்டியிருந்த தூள், ஒரு சாதாரண மாத்திரையில் கலந்துவிட வாய்ப்பிருக்கிறது. அப்படி அப்பாவியாக மாட்டுபவர்களுக்காக, ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் புகாராகப் பதிய வேண்டாம் என்று 2021-இல் ஃபியூரோசமைடு உள்ளிட்ட சில சிறுநீர்ப் பெருக்கிகளுக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆய்வகம் அந்த அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கிறது. 40 மி.கி. மாத்திரை முழுசாக உள்ளே போனால் ஒளிய இடமே கிடையாது.

67 என்ற எண் எப்படி வந்தது

தம்பி, எதிராளியின் தொடையில் உதைக்க அனுமதி உள்ள லோ கிக் பிரிவில் ஆடுபவன். ரிங்கில் 2 நிமிட ரவுண்டு 3, இடையில் 1 நிமிட ஓய்வு. உலக கிக்பாக்ஸிங் அமைப்பான வாக்கோவின் ஆண்கள் பிரிவுகளில் 63.5, 67, 71, 75 என்று எடைகள் ஏறும். அவன் இயல்பான எடைக்கு 71 சரியாகப் பொருந்தும். ஆனால் 71-இல் எங்களுக்கு ஏற்கெனவே அனுபவமுள்ள ஒரு மூத்த வீரர் இருந்தார். 67 காலியாக இருந்தது. தேர்வுப் பட்டியல் போட்ட அறையில் நானும் இருந்தேன். "இவன் இறங்கிடுவான், சின்ன வயசு" என்று யாரோ சொன்னார்கள். கிக்பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் கணக்கு எதுவும் இல்லை. மறுநாள்தான் கணக்குப் போட்டேன், அதுவும் தலைகீழாக. முகாமின் முதல் நாள் எடை 74.6 கிலோ. தோல் மடிப்பு அளவுப்படி உடம்பில் கொழுப்பு சுமார் 11 சதவீதம், அதாவது மொத்தமே 8 கிலோவுக்குச் சற்று மேல். இறங்க வேண்டியது 7.6 கிலோ. ஆரோக்கியமான ஆணின் உடம்பில் கட்டாயம் இருக்க வேண்டிய கொழுப்பையும் சேர்த்து எரித்தால்தான் அந்தக் கணக்கு ஒத்துவரும். மீதி தசையிலிருந்தோ தண்ணீரிலிருந்தோதான் வர வேண்டும். நான் என்ன எழுதினேன் தெரியுமா? "10 வாரத்தில் 4 கிலோ உணவில், கடைசி வாரத்தில் 3.6 கிலோ தண்ணீரில்." அந்த இரண்டாவது பாதியை எப்படிச் செய்வது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாமல் விட்ட அந்த இடத்தைத்தான் கிளப் அண்ணன் ஒரு மாத்திரை அட்டையால் நிரப்ப வந்தார்.

முகாமின் 10 வாரம்

வாரத்தில் 6 நாள், நாளைக்கு இரண்டு வேளை. காலையில் ஓட்டமும் எடைப் பயிற்சியும் மாறி மாறி வரும். மாலையில் நுட்பம், மாஸ்டர் கையில் பிடிக்கும் மெத்தையான பேடில் அடிப்பது, தொங்கும் பையில் அடிப்பது, ஜோடிப் பயிற்சி. புதனும் சனியும் ஸ்பேரிங், அதாவது பயிற்சிச் சண்டை. முதல் 4 வாரம் அடித்தளம்: நீண்ட ஓட்டம், ஸ்குவாட், புல் அப், இடுப்புச் சுழற்சிக்காக மெடிசின் பால் என்ற கனமான பந்தை வீசுவது. அடுத்த 4 வாரம் ரிங்கின் தாளத்துக்கு வருவோம். 2 நிமிடம் முழு வேகத்தில் பேட், 1 நிமிடம் ஓய்வு, இப்படி 5 அல்லது 6 தடவை. ஆட்டத்தில் 3 ரவுண்டுதான் என்றாலும், ஒரே வாரத்தில் அடுத்தடுத்து ஆட வேண்டி வரும் என்பதால் பயிற்சியில் கூட்டி வைப்போம். கடைசி 2 வாரம் அளவைக் குறைத்து வேகத்தை மட்டும் பிடித்து வைக்கும் காலம்.

இந்தத் திட்டம் மற்றவர்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. தம்பி விஷயத்தில் 4-ஆம் வாரத்திலிருந்தே குறிப்பேடு எச்சரித்துக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் எண்ணும் நாடித்துடிப்பு 52-இலிருந்து 61-க்கு ஏறியது. நின்ற இடத்திலிருந்து எம்பும் உயரம் 4 சென்டிமீட்டர் குறைந்தது. இரவு 2 மணிக்குப் பசியில் விழித்துக்கொள்வதாகச் சொன்னான். 6-ஆம் வாரம் மாஸ்டர் பேட் பிடித்துவிட்டு வந்து, "கிக்ல சத்தம் இல்லடா" என்றார். அவர் காது தவறாது, நல்ல லோ கிக் விழும்போது பேடில் வரும் சத்தமே வேறு.

நான் இதையெல்லாம் பயிற்சிக் களைப்பு என்று எழுதி வைத்தேன். உண்மையில் அது பட்டினி. வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் வரை இறங்குவதுதான் தசையைக் காப்பாற்றும் வேகம். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர் அந்தக் கீழ் எல்லையை ஒட்டியே போக வேண்டும். தம்பி முதல் 3 வாரத்தில் வேகமாக இறங்கினான், அப்புறம் உடம்பு பிடித்துக்கொண்டது. அவன் இன்னும் குறைவாகச் சாப்பிட்டான், பயிற்சி இன்னும் மோசமானது. 7-ஆம் வாரம் சளி பிடித்தது.

அந்தச் சளியே ஒரு சின்னப் பாடம். அறைத்தோழன் கொடுத்த சளி மாத்திரையில் சூடோஎபிட்ரின் இருந்தது. பயிற்சிக் காலத்தில் அதற்குத் தடை இல்லை. போட்டிக் காலத்தில் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் விதிமீறல். போட்டிக் காலம் என்பது ஆடும் நாளுக்கு முந்தைய இரவு 11:59-க்கே தொடங்கிவிடும். ஒரே மாத்திரை இந்த வாரம் சரி, அந்த வாரம் தப்பு என்றால் காய்ச்சலோடு படுத்திருக்கும் 22 வயதுப் பையன் எப்படி நினைவு வைத்திருப்பான்? மருத்துவர் அன்றைக்கு ஒரு பழக்கத்தை ஆரம்பித்து வைத்தார். எந்த மாத்திரை, எந்தப் பொடி, எந்தத் தைலமாக இருந்தாலும் முதலில் படம் எடு, அவருக்கு அனுப்பு, பதில் வரும்வரை தொடாதே. எந்த நேரமானாலும் பதில் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தார், சொல்லவும் செய்தார். இரண்டு வாரம் கழித்து அவனைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்.

வகுப்பில் என்ன விடுபட்டது

முகாமின் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஊக்கமருந்து விழிப்புணர்வு வகுப்பு நடந்தது. 2 மணி நேரம். திரையில் ஊசிகள், வீங்கிய தசைகள், பதக்கம் பறிபோன பிரபலங்கள். தம்பியிடம் பிறகு கேட்டேன், வகுப்பில் சிறுநீர்ப் பெருக்கி பற்றிச் சொன்னார்களே என்று. "சொன்னாங்கண்ணா. ஆனா அது ஊக்கமருந்துக்குள்ள வரும்னு மனசுல ஏறல. ஊக்கமருந்துன்னா பலம் கொடுக்கறது இல்லையா? இது பலத்தை எடுக்கறது."

இந்தப் பதிலில் நான் நிறைய நேரம் நின்றேன். ஊக்கமருந்து என்ற நம் சொல்லே ஊக்கம் தருவதைத்தான் சுட்டுகிறது. உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்து ஆளைத் துவள வைக்கும் ஒரு மாத்திரை எப்படி அந்தப் பெயருக்குள் அடங்கும் என்று அவன் குழம்பியதில் தப்பே இல்லை. வகுப்பெடுப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தடைப் பட்டியலில் இருப்பதெல்லாம் பலம் தருபவை என்று புரிந்துகொண்டால், எடைப் பிரிவு விளையாட்டில் இருப்பவருக்கு அதிகம் நெருங்கி வரும் ஆபத்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

ஷேன் வார்னின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். 2003 உலகக் கோப்பை தொடங்கும் வேளையில் அவர் மாதிரியில் சிறுநீர்ப் பெருக்கி தெரிந்தது. ஒல்லியாகத் தெரிவதற்காக அம்மா கொடுத்த மாத்திரை என்றார். தடை 12 மாதம். சொல்லப்போனால் கிரிக்கெட்டில் எடைப் பிரிவே கிடையாது. யார் கொடுத்தார்கள், எதற்காக என்பது தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது கணக்கில் வரலாம். உடம்பில் இருந்ததா இல்லையா என்ற முதல் கேள்விக்கு அது பதில் ஆகாது. தன் உடம்புக்குள் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே முழுப் பொறுப்பு என்பதுதான் இந்த விதிகளின் அடித்தளம்.

பாசத்தோடு கொடுப்பவர்கள்தான் இதில் எனக்கு அதிகம் கவலை தருகிறார்கள். கிளப் அண்ணன் தம்பிக்குக் கெடுதல் நினைத்தவர் இல்லை. அவர் ஆடிய காலத்தில் அதைத்தான் செய்தார்கள், அவருக்கும் ஒரு அண்ணன் கொடுத்திருப்பார். தம்பி தேசிய அணியில் ஆடுவதைப் பார்க்க அவர் ஆசைப்பட்டார். மருத்துவர் இந்த விஷயத்தை எழுத்தில் ஊக்கமருந்து தடுப்பு அமைப்புக்குத் தெரிவித்தார். தெரிவிக்க வேண்டாம் என்று முதலில் நான் சொன்னேன், அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

9 நாளில் எடுத்த முடிவு

படம் வந்த இரவு தம்பியின் எடை 71.4. மறுநாள் காலை மாஸ்டர், மருத்துவர், நான், தம்பி நால்வரும் உட்கார்ந்தோம். அவனை வெளியே அனுப்பிவிட்டுப் பேசலாம் என்று யோசனை வந்தது. மருத்துவர்தான், அவன் உடம்பைப் பற்றிய பேச்சில் அவன் இருக்கட்டும் என்றார்.

தம்பி ஒரு கேள்வி வைத்திருந்தான். "மாஸ்டர், மாத்திரை வேணாம், சரி. வியர்வையிலேயே இறக்கிடறேன். எடை பார்த்து முடிஞ்சதும் ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏத்திக்கலாம்ல? வெறும் உப்புத் தண்ணிதானே?"

அதுவும் தடை. 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது தடை செய்யப்பட்ட முறை. உள்ளே போவது என்ன என்பது பொருட்டே இல்லை, வெறும் உப்புநீராக இருந்தாலும் தடைதான். மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோய் கண்டறியும் பரிசோதனை ஆகியவற்றின் பகுதியாக நடந்தால் மட்டும் விலக்கு. வழக்கமான ஒரு டிரிப்ஸ் பாட்டிலில் 500 மில்லிலிட்டர் இருக்கும், வரம்பைப் போல 5 மடங்கு. இதைச் சொன்னபோது தம்பி மட்டுமல்ல, மாஸ்டரும் அதிர்ந்து போனார். 30 வருட அனுபவம் உள்ளவர். அவர் முகத்தைப் பார்த்ததும்தான், விழிப்புணர்வு வகுப்பில் வீரர்களை மட்டும் உட்கார வைத்தது எவ்வளவு பெரிய பிழை என்று எனக்கு உறைத்தது.

விதி ஒருபுறம் இருக்கட்டும். உடம்பு என்ன சொல்லும் என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். 4 கிலோவுக்கு மேல் தண்ணீரை இழந்தால் ரத்தத்தின் அளவு குறையும், வெப்பத்தைத் தாங்கும் சக்தி குறையும், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். குடித்தாலும் ஒரே இரவில் எல்லாம் திரும்பி வராது. அந்த நிலையில் மறுநாள் ரிங்கில் ஏறித் தலையில் அடி வாங்க வேண்டும். 1997-இல் அமெரிக்காவில் 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் 33 நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். மூவரும் எடை குறைப்பதற்காக வியர்வையை வெளியேற்றிக்கொண்டிருந்தவர்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் எடைப் பிரிவை முடிவு செய்யும் முன் வீரர் உடம்பில் தண்ணீர் போதுமா என்று சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கும் முறை வந்தது.

முடிவு இப்படி ஆனது. எடை பார்ப்புக்கு 3 நாள் முன்பு காலையில் 69 கிலோவோ அதற்குக் கீழோ இருந்தால் போகிறான். கடைசி 2 கிலோவை நார்ச்சத்தும் உப்பும் குறைந்த உணவு, கொஞ்சம் வியர்வை, மருத்துவரின் கண்காணிப்பு இவற்றோடு இறக்கலாம். 69-க்கு மேல் இருந்தால் போகவில்லை. பேச்சுவார்த்தை கிடையாது. மூவரும் கையெழுத்துப் போட்டோம். தம்பியும் போட்டான்.

அந்தக் காலை தராசில் 69.9 வந்தது.

அவன் இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தான். அதே எண். மாஸ்டர் அவன் தோளில் கை வைத்தார், அவன் தட்டிவிட்டான். அந்தப் பிரிவில் எங்கள் பக்கம் யாரும் போகவில்லை. அணி கிளம்பிய நாளில் அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அவனுடைய கோபம் நியாயமானது. அவன் 10 வாரம் பட்டினி கிடந்தது என் தலையாட்டலுக்காக.

அப்புறம் மாற்றியவை

முதலில் மாறியது தேர்வு அறை. இப்போது எந்த வீரரின் பெயரையும் ஒரு எடைப் பிரிவில் எழுதும் முன், அவர் உடம்பில் போதிய தண்ணீர் இருக்கும் காலையில் எடை, கொழுப்பு அளவு, சிறுநீர் அடர்த்தி மூன்றும் பார்க்கிறோம். முகாம் தொடக்கத்தில் அந்த எடை பிரிவின் எல்லையை விட 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெயர் எழுதுவதில்லை. மேலே இடம் இல்லையென்றால் இரண்டு பேரும் ஆடித் தீர்மானிக்கட்டும். 8 என்பது எங்கள் அணிக்குள் நாங்கள் வைத்துக்கொண்ட கோடு, விதி எதுவும் அப்படிச் சொல்லவில்லை. கோடு கொஞ்சம் கடுமையாகவே இருக்கட்டும் என்பது என் கருத்து, மாஸ்டருக்கு இன்னும் அதில் முழு சம்மதம் இல்லை.

அடுத்தது சப்ளிமென்ட். முகாமில் அறை அறையாகப் போய்ப் பார்த்தால் எத்தனை டப்பாக்கள்! புரோட்டீன் பவுடரும் கிரியேட்டினும் தடை செய்யப்பட்டவை அல்ல. சிக்கல், டப்பாவின் மேல் எழுதாமல் உள்ளே இருப்பதில். 2000-2001 காலத்தில் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தபோது, 94-இல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் சார்ந்த பொருட்கள் இருந்தன. கிட்டத்தட்ட 15 சதவீதம். பயிற்சிக்கு முன் குடிக்கும் பிரீ ஒர்க்கவுட் பொடிகளும், கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கும் மாத்திரைகளும்தான் எனக்கு அதிகப் பயம் தருபவை. மெத்தில்ஹெக்சனமைன், ஹிஜெனமைன் மாதிரித் தடை செய்யப்பட்ட பொருட்கள் வேறு வேறு தாவரப் பெயர்களில் அதற்குள் ஒளிந்திருக்கும். எங்கள் முகாமில் பிரீ ஒர்க்கவுட்டை ஒட்டுமொத்தமாக நிறுத்திவிட்டோம். மற்றவற்றில், உற்பத்தித் தொகுதி வாரியாகச் சோதித்துச் சான்று பெற்றவை மட்டும். தொகுதி எண்ணைப் படம் எடுத்து வைக்கிறோம், டப்பாவில் கொஞ்சம் மிச்சமும் வைக்கிறோம். சான்று இருந்தாலும் பொறுப்பு வீரருடையதுதான், அதையும் சொல்லியே கொடுக்கிறோம்.

மருந்து தேவைப்படுபவர்களை மறந்துவிடக் கூடாது. அணியில் ஆஸ்துமா உள்ள ஒரு பெண், தடை பயத்தில் இன்ஹேலரையே ஒளித்து வைத்திருந்தாள். மூச்சுத் திணறலோடு ஸ்பேரிங் செய்துகொண்டிருந்தாள் என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. சால்பியூட்டமால் இன்ஹேலர் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டாமல் எடுத்துக்கொள்ளலாம். வரம்பு தாண்ட வேண்டிய நிலைக்கும், தடையில் இருக்கும் வேறு மருந்துகளுக்கும், சிகிச்சைக்கான விலக்கு அனுமதி கேட்கலாம். போட்டிக் காலத்தில் மட்டும் தடையுள்ள மருந்து என்றால் போட்டிக்கு குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பயமுறுத்தி மட்டும் வகுப்பெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இருப்பிடத் தகவல் பற்றியும் ஒரு வார்த்தை. சோதனைப் பட்டியலில் பதிவான வீரர்கள் ஒவ்வொரு நாளும் 60 நிமிடம் எங்கே நிச்சயம் இருப்பார்கள் என்று முன்கூட்டியே தர வேண்டும். 12 மாதத்தில் 3 முறை தவறினால் அதுவே விதிமீறல். முகாமின் பயிற்சிக்கூடத்தை நாங்கள் திடீரென்று மாற்றியபோது இரண்டு பேர் தகவலைத் திருத்தவில்லை. இப்போது இட மாற்றம் அறிவிக்கும் அதே நிமிடத்தில், எல்லோரும் கைபேசியை எடுத்துத் திருத்தி முடித்த பிறகுதான் கலைகிறோம்.

பயிற்சியாளர், பிசியோ, மாஸ்டர் எல்லோரும் இப்போது வகுப்பில் உட்காருகிறோம். தடைப் பட்டியல் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1-இல் புதுப்பிக்கப்பட்டு அமலுக்கு வருவதால், அந்த மாதத்தில் ஒரு நாள் முழுக்க அதற்கே. டிராமடால் என்ற வலி நிவாரணி 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத் தடையில் சேர்ந்தது. அடி வாங்கி வாங்கித் தாடை வலிக்கும் விளையாட்டு இது, வலி மாத்திரை எல்லோர் பையிலும் இருக்கும்.

71

அடுத்த பருவத் தேர்வில் தம்பி 71-க்குப் பெயர் கொடுத்தான். மூத்தவரோடு ஆடித் தோற்றான். 6 மாதம் கழித்து மறுபடி ஆடி வென்றான். அந்த முகாமுக்கு 74.2 கிலோவில் வந்தான். 10 வாரத்தில் 71.9. நாடி 50-ஐ ஒட்டியே நின்றது. 6-ஆம் வாரம் மாஸ்டர் பேட் பிடித்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கடைசி 1.1 கிலோ உணவிலேயே போனது, தராசில் 70.8.

இரண்டாவது ஆட்டம் முடிந்து ரிங்கை விட்டு இறங்கியதும் சோதனை அதிகாரி வந்து அறிவித்தார். கூடவே ஒருவர் நடந்து வந்தார், கண் பார்வையிலிருந்து விலகாமல். நான் துணைக்குப் போனேன். மூடி உடையாத பாத்திரங்களில் ஒன்றைத் தம்பியே தேர்ந்தெடுத்தான். 90 மில்லிலிட்டர் வேண்டும், அதிகாரி நேரில் பார்க்கத்தான் கொடுக்க வேண்டும். முதல் முறை யாருக்கும் கூச்சமாக இருக்கும், அவனுக்கும் இருந்தது. தண்ணீர் வற்றிய உடம்போடு வருபவர்கள் அந்த அறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தம்பி 25 நிமிடத்தில் கொடுத்துவிட்டான். ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் அவனே ஊற்றி, அவனே மூடி, எண்கள் படிவத்தோடு ஒத்திருக்கிறதா என்று ஒவ்வொரு இலக்கமாகப் படித்தான். அடர்த்தி சோதித்தார்கள், சரியாக இருந்தது.

படிவத்தில் சமீபத்தில் எடுத்த மருந்துகளையும் சப்ளிமென்ட்களையும் எழுதும் இடம் வந்தது. அவன் கைபேசியைத் திறந்தான். மருத்துவருக்கு அனுப்பிய படங்களை மட்டும் ஒரு தனி ஆல்பமாகச் சேர்த்து வைத்திருந்தான். கடைசி 7 நாளில் இரண்டே படங்கள்: ஒரு பாராசிட்டமால், தொகுதி எண்ணோடு ஒரு புரோட்டீன் டப்பா. அதைப் பார்த்துப் பார்த்து எழுதினான். நான் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது, அந்த ஆல்பத்தின் முதல் படம் கண்ணில் பட்டது. வெள்ளி அட்டை, 10 மாத்திரைகள். அழிக்கவில்லையா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்ணா" என்றான். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.